பால்மேல் விழுந்த பழி

அந்தப் புழுக்களை அத்தை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, அதன்மேல் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இலத்தூரிலிருந்து தென்காசிக்கு மினிபஸ்ஸில் வந்தாள். பக்கத்து இருக்கையில் நான் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாரல் காலம். மலையைக் காணோம், அது இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் இருந்தது. எங்கெங்கிருந்தோ கார்களில் வந்தவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குற்றாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் துணி விலகி, பாட்டிலின் பழைய லேபிள் தெரிந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "என்ன ஆச்சி, நார்த்தங்கா ஊறுகாயா?" என்று கேட்டார். "ஆமா. தொட்டுக்கிடுதியா?" என்றாள் அத்தை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். அவர் ஆசையாகக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு தென்காசி வரும்வரை எங்கள் பக்கமே வரவில்லை. மண்புழுவை வெளுத்துப் போட்டதுபோல, ஆனால் அதைவிட நீளமாக, இரண்டு முனையும் கூராக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன அவை. ரொம்ப நாளைக்கு எனக்கு இடியாப்பம் இறங்கவில்லை.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். பால் என்பது விடிகாலையில் கதவுக் கொக்கியில் பையாகத் தொங்குவது என்பதற்கு மேல் எனக்கு அதைப்பற்றித் தெரியாது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. கணவர் போலீஸ், அப்போது தூத்துக்குடிப் பக்கம் பணியில் இருந்தார், விடுமுறை கிடைத்தால் வருவார். ஆகவே அந்த வீட்டில் மாமாவும் அத்தையும் நானும் என் மகளும்தான். மாமா, அதாவது என் மாமனார், வாயைத் திறப்பதே அபூர்வம். அந்தப் பங்கையும் சேர்த்து அத்தை பேசினாள். அவள் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள். நானும் பயந்தேன், பிறகு பழகினேன், பிறகு அவள் ஒரு நாள் பேசாமல் இருந்தால் எனக்கு வேலை ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். மாமியாரைப் பற்றி மருமகள் எழுதினால் ஒன்று வசையாக இருக்கும், இல்லை வாய்ப்பந்தலாக இருக்கும் என்பார்கள். நான் இரண்டும் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

பாட்டிலில் இருந்த புழுக்கள் எங்கள் எருமையின் கன்றிலிருந்து வந்தவை. அந்த எருமைக்குக் கலெக்டர் என்று பெயர். தென்காசி தனி மாவட்டமான சமயத்தில் அது வீட்டுக்கு வந்தது. வந்த முதல் நாளே நடுரோட்டில் நின்றுகொண்டு பஸ்ஸுக்கும் வழிவிடவில்லை, டிராக்டருக்கும் வழிவிடவில்லை. "இவ என்ன புதுசா வந்த கலெக்டரா?" என்று அத்தை திட்டினாள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கலெக்டருக்குக் குளத்துச் சேற்றில் அரை நாள் ஊறவேண்டும். அத்தை கை பட்டால்தான் பாலை இறக்கும். மாமா உட்கார்ந்தால் காலைத் தூக்கும். நான் கிட்டே போனால் என்னை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் படித்த படிப்பெல்லாம் எனக்கே சந்தேகமாகிவிடும்.

கலெக்டரின் முதல் கன்று பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வயிறு மட்டும் பானையாக உப்பியது. களிமண்ணைக் கரைத்தது போலக் கழிந்தது; கிட்டே போனால் அதன் மூச்சில் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடித்தது. ஒரு காலை அது எழுந்திருக்கவில்லை. மாமா அதன் தோலை உரித்து வைக்கோல் திணித்துக் காட்டலாம் என்றார். கன்றைக் கண்டால்தான் எருமை பால் விடும், அதற்காக எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு. அத்தை சம்மதிக்கவில்லை. "செத்த புள்ளையக் காட்டிப் பால் கேக்கச் சொல்லுதியளா?" என்று கேட்டாள். அடுத்த ஈற்றிலும் அதே கதை. அதே உப்பிய வயிறு, அதே கழிச்சல், அதே வாடை. இந்தத் தடவை சாவதற்கு முந்தின நாள் சாணத்தோடு புழுக்கள் விழுந்தன. அத்தை அவற்றைக் குச்சியால் எடுத்துப் பாட்டிலில் போட்டாள்.

அன்றைக்குக் காலையில் மாமா அபூர்வமாக வாயைத் திறந்து, "இந்த மாட்டுப் பால் ஆகல. பெத்த கன்னுக்கே ஆகாத பாலு" என்று சொல்லியிருந்தார். மாட்டுக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லுகிற பேச்சுதான் அது. ஆனால் அத்தை கையிலிருந்த செம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள். செம்பு நெளிந்துபோனது. பதில் சொல்லாமல் அவள் தொழுவத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அத்தை பதில் சொல்லாமல் எழுந்து போனதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எருமைமேல் இத்தனை பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். நாமக்கல் பக்கத்துப் பெண். கல்யாணம்கூட ஆகியிராத வயது. எங்கள் ஊர் வழக்கப்படி 'ஆச்சி' என்று கூப்பிடப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தாள்; ஆனால் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுவதை விடமுடியவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உருண்டைப் புழுங்க ஆச்சி. எருமைக் கன்னுக்குத்தான் ரொம்ப வரும். தாய்ப்பால் வழியாத்தான் கன்னுக்குப் போகுது" என்றாள். இதற்கு மேலும் அவள் நிறையச் சொன்னாள். அடுத்த கன்று பிறந்தால் பத்தாம் நாள் மருந்து கொடுத்துவிட வேண்டும், அப்போது புழு குஞ்சாகவே செத்துவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை, காய்ச்சிக் குடிக்கிற நமக்கு அந்தப் பால் எதுவும் செய்யாது என்றெல்லாம் சொன்னாள். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. அத்தைக்கு முதல் வாக்கியத்தோடு காது அடைத்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த பெண்கள் எண்ணெயும் ஈரமுமாக எங்கள்மேல் சாய்ந்தார்கள். அத்தை ஒருத்தியையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கலெக்டர் மறுபடி சினையானபோது மாமா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தரகர் வந்து மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம்; நன்றாக இருக்கிறது என்பதற்குக் 'கொள்ளாம்' என்பார். "எருமை கொள்ளாம் ஆச்சி. ஆனா கன்னு நிக்காத எருமைய எதுக்குக் கெட்டிப் போடுதிய?" என்றார். புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற மாடு எதற்குப் போகிறது என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாமா தரகரிடம் சொல்லியனுப்பினார்: இந்தக் கன்றும் தங்கவில்லை என்றால் லாரியைக் கொண்டு வரலாம். அத்தை சினையெருமைக்குப் பருத்திக்கொட்டையை ஆட்டி ஊற்றினாள். தினமும் அதன் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். கன்று பிழைத்தால் கலெக்டர் இருக்கும், கன்று போனால் கலெக்டரும் போகும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

கன்று சாரல் பிடித்துக்கொண்ட ஒரு மதியம் பிறந்தது. பெண் கன்று, கிடாரி. அத்தை சீம்பாலைக் கறந்து, கருப்பட்டி போட்டுக் கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குக்கூட எனக்கு ஒரு தூக்குவாளி கட்டிக் கொடுத்தாள். கன்றுக்கு மட்டும் ஒரு சொட்டும் விடவில்லை. அதைத் தாயின் முகத்துக்கு நேரே, நக்குவதற்கு எட்டுமாறும் மடிக்கு எட்டாமலும் கட்டியிருந்தாள். தென்காசியில் மருந்துக்கடையில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பால்புட்டி ஒன்று வாங்கிவந்து, பக்கத்து வீட்டுப் பசும்பாலில் தண்ணீர் கலந்து அதில் ஊட்டினாள். கலெக்டர் கத்தத் தொடங்கியது. எருமை கத்துவது பசு கத்துவதுபோல் இருக்காது. அடிவயிற்றிலிருந்து, மெதுவாக, விடாமல் வரும். நான் பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தால் அந்தச் சத்தம் வரிக்கு வரி குறுக்கே வந்து நின்றது.

நாள் போகப் போகக் கன்று தளர்ந்தது. எழுந்து நின்றால் பின்கால்கள் ஒன்றோடொன்று மோதின. பால்புட்டியை வாயில் வைத்தால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. தொழுவத்துக்குப் போய், "அத்தை, அவுத்து விடுங்க. மடியில பால் கட்டித் தொங்குது, இது இங்கன பசியில சாகுது. என்ன வீம்பு இது?" என்று கேட்டேன். அத்தையிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். அவள் கோபப்படவில்லை. கன்றின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். "பால்ல விசம் இருக்குன்னு தெரிஞ்ச பொறவு எப்பிடிட்டி குடுக்கச் சொல்லுத?" என்றாள். பிறகு, "ஒருத்தியக் குடுத்துத் தொலைச்சிட்டேன்லா" என்றாள்.

மழை ஓட்டின்மேல் சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. அத்தை சாணக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவறிப்போனது என்பது மட்டும் எனக்குச் சொந்தக்காரர்கள் வாய்வழியாக அரைகுறையாகத் தெரியும். வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. தவழுகிற பருவத்தில் அதற்கு வயிற்றாலே போனது. புழுவும் விழுந்தது. அத்தையின் மாமியார், நான் பார்த்திராத அந்த மனுஷி, தெருப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது சொன்னாளாம்: "இவ பாலுதான் புள்ளைக்கு ஆகல. விசப்பால்." அதற்குப் பிறகு குழந்தையை அத்தையிடம் கொடுக்கவில்லை. கஷாயமும் தண்ணீரும் ஊற்றினார்கள். "கடைசி வரைக்கும் என் கையில தரல. பக்கத்து ரூம்ல எனக்காகக் கத்துதா. எனக்குச் சேலை நனையுது" என்றாள் அத்தை. குழந்தை இறந்தது. ஊரில் எல்லோரும் பாலைத்தான் சொன்னார்கள்.

அடுத்து என் கணவர் பிறந்தபோது யாரும் தயங்கவில்லை. பிறந்த அன்றே குழந்தையைப் பிரித்தார்கள். ஆட்டுப்பாலைச் சங்கில் ஊற்றி வளர்த்தார்கள். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை அத்தையின் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். பூ வாடினால் எடுத்துவிட்டுப் புதுப் பூ. "எங்கன பாத்தாலும் கல்யாண வீடு மாதிரி வாசம். எனக்குப் பால் கெட்டிக் கல்லா நோவுது. அவன் தொட்டில்ல கெடந்து என்னையே பாக்குதான்" என்றாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல? பேசாம வயலுக்குப் போயிட்டாவ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் அப்பெல்லாம் நெனைப்பேன், கெழவிக்கு என்ன தெரியும், பொய் சொல்லுதான்னு. இப்பம் படிச்ச டாக்டரம்மாவே சொல்லிட்டாளேட்டி, பால் வழியாத்தான் போகுதுன்னு" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் அத்தை அறைக்குள் வரமாட்டாள், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "குடிக்குதாளா? கக்குதாளா?" என்று கேட்பாள். குழந்தையின் துணிகளைத் துவைப்பதற்கு முன் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள். என்மேல் இத்தனை சந்தேகமா என்று எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவிடம் போனில் புலம்பியிருக்கிறேன். அவள் அங்கே நின்று எந்தக் குழந்தையின் வயிற்றை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று தொழுவத்தில் அவள் பக்கத்தில் சாணத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏட்டி, நல்ல சேலை" என்றாள் அத்தை.

டாக்டரம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். மறுநாள் மழைக்கோட்டும் ஸ்கூட்டருமாக வந்து இறங்கினாள். கன்றின் கீழிமையை விலக்கிப் பார்த்தாள், கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், பால்புட்டியையும் பார்த்தாள். "யாருங்க ஆச்சி தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாள். "நீங்கதான சொன்னிய, பால்ல புழு வருதுன்னு" என்றாள் அத்தை. டாக்டரம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "அடுத்து மருந்தைப் பத்திச் சொன்னனே ஆச்சி, அதைக் கேக்கலீங்களா? பாலை நிறுத்துனா கன்னு புழுவுல சாகாது, பசியில சாகும். முதல் பால்தான் அதுக்குக் காவலே. அது போயிருச்சு, இனிமேலாவது விடுங்க. குடிக்கட்டும். பத்தாம் நாள் மருந்தைக் குடுங்க, புழு எங்க இருந்து பிழைக்கும்?" என்றாள். ஊசி ஒன்று போட்டாள், வாய்வழியாகச் சத்துநீர் கொடுத்தாள். போட்டுக்கொண்டே பேசினாள். இந்த எருமை கன்றாக இருந்தபோது எங்கேயோ மண்ணை நக்கியிருக்கும், அதில் இருந்த முட்டை உள்ளே போயிருக்கும். அந்தப் புழு சதைக்குள்ளே வருஷக்கணக்காகத் தூங்கும். தாய்க்கு ஒரு தொந்தரவும் தராது. அது சினையாகும்போதுதான் முழித்துக்கொண்டு மடிக்கு நகரும். "அது மாட்டோட தப்பு இல்லீங்க. அதுக்கு இப்படி ஒண்ணு தன் உடம்புல இருக்கறதே தெரியாது" என்றாள்.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கை கழுவ வந்தாள். அத்தை செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். டாக்டரம்மா கையில் சோப்பு நுரை. அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள். விலைவாசி கேட்பதுபோலக் கேட்டாள். "டாக்டரம்மா, மனுசப் பால்லயும் இப்பிடிப் புழு போகுமா?"

"மனுசங்களுக்கா? இல்லீங்க ஆச்சி" என்றாள் அவள், விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே. "நான் மாட்டு டாக்டர்தான், ஆனா இது எல்லாருக்கும் தெரிஞ்சதுங்க. நம்மூர்ப் பிள்ளைங்க வயித்துல வர்ற புழு மண்ணுல வரும், தண்ணியில வரும், கழுவாத கையில வரும். தாய்ப்பால்ல வராது."

"வயித்தால போற கைப்புள்ளைக்கு?"

"அப்பத்தான் விடாம குடுக்கணும். அதைவிட மருந்து வேற இல்லீங்களே."

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அத்தை அதைச் சாய்த்தபடியே நின்றாள். டாக்டரம்மா கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் ஓடிப்போய் இன்னொரு செம்பு மொண்டு வந்து ஊற்றினேன். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது, தான் அன்று என்ன சொன்னோம் என்று. அடுத்து ஆய்க்குடியில் ஒரு மாட்டுக்கு ஈற்றுச் சிக்கல் என்று போன் வந்தது. காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பிறகு மாற்றலாகிப் போய்விட்டாள். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் அத்தை தொழுவத்துக்குள் போய்க் கன்றை அவிழ்த்தாள். அதற்கு நடக்கத் தெம்பில்லை. வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி மடியருகில் நிறுத்தினாள். காம்பைப் பிடித்து வாயில் வைத்தாள். முதலில் அது வாயை அசைக்கவே இல்லை. கலெக்டர் கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, கன்றின் முதுகை நக்கியது. கன்று ஒரு தடவை உறிஞ்சியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு முட்டத் தொடங்கியது. வாயோரத்தில் நுரை தள்ளியது. "குடிட்டி. குடி. ஒங்கம்மா பாலுதான், குடி" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். எனக்கு அழுகை சீக்கிரம் வரும், அதற்காக அவள் என்னை எப்போதும் கேலி செய்வாள், அன்று செய்யவில்லை.

பத்தாம் நாள் மருந்தும் கொடுத்தோம். ரோஸ் நிறத்தில் தித்திப்பாக ஒரு மருந்து. பாதி கன்றின் வாய்க்குள் போனது, பாதி என் சேலையில். மருந்துக்குப் பிறகு சாணத்தில் நூல்போலச் சில கிடந்தன. அத்தை குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "சனியன், ஒன்னாலதான எல்லாம்" என்று அவற்றின்மேல் சுண்ணாம்பைக் கொட்டினாள். தரகர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். கன்று துள்ளிக்கொண்டு போய் அவர் வேட்டியை முட்டியது. "இது கொள்ளாமா அண்ணாச்சி?" என்று அத்தை கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது அந்தக் கன்று வளர்ந்து, போன சாரலில் அதுவும் ஒரு கன்று ஈன்றிருக்கிறது. அதைப் பார்க்க அத்தை இல்லை. அதற்கு முந்தைய பங்குனியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஒருவரிடமும் ஒரு வார்த்தை வாங்காமல் போய்ச்சேர்ந்தாள். மருந்தை நான்தான் கொடுக்கிறேன். கலெக்டர் இன்னும் என்னை அதே பார்வைதான் பார்க்கிறது. ஆனாலும் மடியில் கைவைக்க விடுகிறது. தெருவில் யார் வீட்டில் எருமை ஈன்றாலும் நானே போய், பாலை நிறுத்தாதீர்கள், பத்தாம் நாளை மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதபடி, இரண்டையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். டீச்சர் புத்தி எங்கே போகும் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எருமையும் இல்லை, கன்றும் இல்லை. டாக்டரம்மா வந்துபோன வாரத்தில் என் கணவர் விடுமுறையில் வந்திருந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது அத்தை சொல்லவேண்டிய விஷயம். மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். மாமா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அத்தை மகனுக்குச் சோறு போட்டாள், சொதி ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்தாள். மகன் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஏலே, நான் ஒனக்குப் பால் குடுத்திருக்கலாம்லே" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அத்தை அவரிடம் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, பூவைப் பற்றி எதுவும் சொல்லாமல். எருமைப் பாலில்தான் புழு வருமாம், மனிதப் பாலில் வராதாம், டாக்டரம்மா சொன்னாள் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். பிசைந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை. போலீஸ்காரர்களுக்கு எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வேண்டும். தன் தொந்தியைத் தட்டிக் காட்டி, "எம்மா, பால் குடிக்காமலே இப்பிடி இருக்கேன். அதையும் குடிச்சிருந்தா எனக்கு யூனிஃபார்ம் தைக்கத் துணி பத்தாது" என்றார். அத்தை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒங்க அக்காவ நான் கொல்லலலே" என்றாள்.

அவர் எச்சில் கையைத் தட்டில் வைத்தபடியே குனிந்திருந்தார். பிறகு, "அக்கா பேரு என்னம்மா?" என்று கேட்டார். தன் அக்காவைப் பற்றி அவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அத்தை வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்வாசலில் செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உலகம்மா" என்றார்.